மரைக்கு எந்தக் குண்டு

அப்புத்தளை ஸ்டேசனிலிருந்து கடைவீதிக்கு ஏறும் வழியில் றுஸைனாவின் தையல் கடை இருக்கிறது. யன்னலோரத்து மெஷின் நிரஞ்சலாவுடையது. அவள் தைத்ததைப் பிரித்துத் திருத்த வேண்டியதில்லை என்று ஊரில் பேர். என் பிள்ளைகளின் யூனிபோர்ம்களையும் நான் அவளிடம்தான் கொடுப்பேன். அப்படிப் போய்வந்த வருடங்களில் அவளும் றுஸைனாவும் அவ்வப்போது சொன்னவற்றைக் கோத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நிரஞ்சலா பிறந்தது நமுனுகுலப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தவள். மகளும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறக்கூடாது என்று அவளைப் பதுளைக்குத் தையல் படிக்க அனுப்பினாள். அதே தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவன் விஜேந்திரன். பேச்சு குறைந்த மனிதன். பெண் பார்க்க வந்த அன்று அவன் அவளிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம். சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருக்கிறது, அதைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டாம் என்றான். அவள் சிரித்துவிட்டாள். அந்த வருடமே கல்யாணம் முடிந்தது.

மகள் தனுஷிகா தவழத் தொடங்கியிருந்தபோது விஜேந்திரன் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டான். மீன்பிடி வள்ளத்தில்தான். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். லயத்துக் காம்பராவை விட்டு வெளியே சின்னதாக ஒரு காணி, அதில் நாலு சுவர் எழுப்பித் தனியாக ஒரு வீடு. அவன் மனதில் இருந்தது அவ்வளவுதான். புறப்படுவதற்கு முதல் நாள்தான் அவளிடம் சொன்னான். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்றான். அவள் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நின்றிருப்பானோ என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள்.

வள்ளத்தில் போனவர்களை அங்கே முகாமில் வைத்திருந்தார்கள். பிறகு வெளியே விட்டார்கள். விக்டோரியா மாநிலத்தில், காட்டோரத்து மலையூர் ஒன்றில், மரம் அறுக்கும் ஆலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. நிரந்தர விசாதான் கிடைக்கவில்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்தான். அதற்கு முடிவு வராமலே வருடங்கள் ஓடின. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. போன காரியம் முடியாமல் வரவும் மனமில்லை. இதற்குள் நிரஞ்சலா மகளோடு அப்புத்தளைக்கு வந்து, றுஸைனாவின் கடையில் சேர்ந்து, கடைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் குடியிருந்தாள்.

அங்கே அவனுக்கு வேலை முடிந்து இருட்டும் நேரம் இங்கே பின்னேரத் தேத்தண்ணி நேரம். போன் மணியடித்ததும் நிரஞ்சலா கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பின்வாசல் படிக்கட்டுக்குப் போய்விடுவாள். பனி விலகிய நாட்களில் அங்கிருந்து பார்த்தால் கீழ்நாட்டுச் சமவெளி தெற்குக் கடல் வரைக்கும் தெரியும். முதல் வருடங்களில் பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. மகளுக்குப் பல் முளைத்தது, மகள் பள்ளிக்கூடம் போனது, கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது அங்கிருந்த உறவுக்காரர்களைத் தேடிப் போனது. பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வற்றியது. சாப்பிட்டாச்சா, மழையா, மகள் எங்கே. அதற்கு மேல் ஒன்றும் வராது. ஆனால் இருவரும் போனை வைக்கமாட்டார்கள். அவனுடைய மூச்சு கேட்கும். அவனுக்குப் பின்னால் ஏதோ ஒரு பறவை மனிதர் சிரிப்பதுபோலக் கத்தும். அந்தச் சத்தங்களைப் பொறுக்கியெடுத்து, அவன் இருக்கும் அறையை, கட்டிலை, யன்னலை அவள் மனதுக்குள் கட்டிப் பார்ப்பாள். கட்டியது மறுநாள் நினைவில் நிற்காது.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான குரல் அழைப்பில் இல்லாமல், வீடியோ அழைப்பில் வந்த விஜேந்திரன், தன் முகத்தைக் காட்டாமல் உள்ளங்கையைக் காட்டினான். கையில் செம்பு நிறத்தில், கூர்முனையோடு, சுண்டுவிரல் நுனியளவில் ஏதோ இருந்தது.

"என்னாங்க அது?"

"குண்டு. துவக்குக் குண்டு."

நிரஞ்சலா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். விசாக் கேஸ் நடக்கிற நேரத்தில் இந்த வேலையெல்லாம் எதற்கு என்று கேட்டாள்.

"நான் வெடி வைக்கல புள்ள. துவக்கும் லைசனும் அலனுது. அவருக்குக் கை ஆடுது. பக்கத்துல இருந்து வெடிமருந்து நிறுத்துக் குடுக்கிறேன், அவ்வளவுதான்."

அலன் என்பவர் அவன் குடியிருந்த வீட்டுக்காரர். அதே ஆலையில் வாள்களுக்குக் கூர் வைத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர், ஒரே மகள் வேறு ஊரில். நாற்பது வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவர். அங்கே அதற்கு அனுமதி இருக்கிறது. கடையில் விற்கும் தோட்டாக்களை அவர் வாங்குவதில்லை. தன் துப்பாக்கிக்குத் தோதான தோட்டாவைத் தானே செய்வார். முதுமையில் கைநடுக்கம் வந்த பிறகு மருந்தைத் தராசில் கொட்டினால் பாதி மேசையில் சிந்தியது. பின்னறையில் குடியிருந்த விஜேந்திரனைக் கூப்பிட்டு, கொஞ்சம் பிடி என்றாராம். அப்படித்தான் அது தொடங்கியது.

அன்றிலிருந்து அவன் பேச ஆரம்பித்தான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கோதை, அந்த வெறுங்கூட்டை, எறிவதில்லை, கழுவி, அச்சில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றான். அடியில் பொட்டு மாதிரி ஒரு கேப்பு. அதைத் தட்டினால்தான் உள்ளே இருக்கும் மருந்தில் நெருப்புப் பிடிக்கும். மருந்துதான் முக்கியம், ஒரு நெல்லின் எடையில் காற்பங்கு கூடினாலும் தராசு காட்டிக்கொடுக்கும் என்றான். கடைசியில் கோதின் வாயில் குண்டை வைத்து நெம்புகோலை இறக்க வேண்டும். ஒவ்வொன்றையும் செய்துகாட்டுவான். நிரஞ்சலா பாதி நேரம் குண்டைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். இடது பெருவிரலில் ஒரு தழும்பு இருந்தது. வாள் பட்ட தழும்பாக இருக்கலாம். எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியாது. புருசன் கையில் தனக்குத் தெரியாத ஒரு தழும்பு ஆறிப் பழசாகியிருப்பதைப் பார்த்த அன்று அவளால் ஒரு சட்டையும் தைக்க முடியவில்லை என்று றுஸைனா என்னிடம் சொன்னார்.

எந்த மிருகத்தைச் சுடுவதற்கு இத்தனை பாடு என்று ஒரு நாள் கேட்டாள்.

"மரை," என்றான்.

அவள் நம்பவில்லை. மரை நம் நாட்டுப் பெரிய மான்தானே என்றாள். அவனும் அப்படித்தான் அலனிடம் கேட்டிருந்தான். அதற்கு அலன் சொன்ன விஷயத்தை அவன் அவளுக்குச் சொன்னான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் வேட்டையாடுவதற்காக மரைகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் அந்தக் காட்டில் விட்டார்களாம். சிலோனிலிருந்து வந்தவையும் அதில் சேர்த்தியாம். விட்டவை பெருகி, மலை முழுக்கப் பரவி, அந்த நாட்டு மிருகம்போலவே ஆகிவிட்டன.

"நம்ம ஊரு மரை புள்ள. நமக்கு முந்தியே கப்பலேறி வந்திருச்சு. அதுக்கு யாரும் விசா கேக்கல," என்றான். அவன் பகிடியாகத்தான் சொன்னான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பள்ளி விடுமுறையில் நிரஞ்சலா மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி ஒஹியவில் இறங்கி, வேன் பிடித்து ஹோட்டன் சமவெளிக்குப் போனாள். அப்புத்தளைக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவள் அங்கே போனதில்லை. வாகனங்கள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், பனிப்புல்லில், ஒரு கிடாய் மரை நின்றது. கழுத்து மயிர் நனைந்து தொங்கியது. சனங்கள் பேசுவதையும் சிரிப்பதையும் அது பொருட்படுத்தவில்லை. மெல்ல நடந்து வந்து தனுஷிகாவின் பையை மோந்து பார்த்தது. சிறுமி போனைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். நிரஞ்சலா அதன் கண்ணைப் பார்த்தாள். இதன் சொந்தம் அங்கே தன் புருசன் இருக்கும் காட்டில் அலைகிறது என்று நினைத்ததும், அதைத் தொட வேண்டும்போல ஓர் ஆசை வந்தது. காவலர் கூடாது என்று கையசைத்தார்.

மகள் பிடித்த வீடியோவை அன்றே அனுப்பினார்கள். அலன் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாராம். நாற்பது வருட வேட்டையில் முக்கால்வாசி நாள் தான் கண்டது மரையின் முதுகும் வாலும்தான், மனிதனை மோந்து பார்க்கிற மரை உலகத்தில் இருக்கும் என்று நினைத்ததில்லை என்றாராம். பிறகு, இன்னொரு தடவை காட்டுக்குப் போக வேண்டும், அதுதான் கடைசி என்று சொன்னார்.

அந்தக் கடைசித் தடவைக்கு எந்தக் குண்டு என்பதில் இரண்டு ஆண்களுக்கும் வாக்குவாதம் கிளம்பியது. மேசையில் இரண்டு பெட்டி இருந்தது. குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒன்று நூற்றைம்பது, மற்றது நூற்றெண்பது. நூற்றைம்பது லேசானது, வேகமாகப் போகும், தூரத்துக்கும் நேராகப் போகும். அலன் வாழ்நாள் முழுக்க அதைத்தான் பாவித்தார். ஆனால் அதன் செம்புத் தோல் மெல்லியது. கிட்டத்தில் நின்று சுட்டால், பெரிய கிடாயின் தோள் எலும்பில் பட்ட இடத்திலேயே உடைந்து சிதறிவிடும், உள்ளே போய்ச் சேராது. நூற்றெண்பது அப்படியில்லை. உள்ளே இருக்கும் ஈயம் செம்போடு ஒட்டி வார்க்கப்பட்டது. வேகம் குறைவு, ஆனால் எலும்பை உடைத்துக்கொண்டு போகும். மரங்கள் நெருங்கிய ஓடைப்பள்ளத்தில் மரை கிட்டத்தில்தான் எதிர்ப்படும், ஆகவே கனமானதுதான் சரி என்றான் விஜேந்திரன். கனமான குண்டு தோளை இடிக்கும், எனக்கு வயதாகிவிட்டது, என் கண்ணும் கையும் பழையதற்குத்தான் பழகியிருக்கின்றன என்றார் அலன்.

"நீ என்னா சொல்ற?" என்று விஜேந்திரன் அவளைக் கேட்டான். எந்த விஷயத்திலும் அவன் அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நிரஞ்சலா மெஷினைப் பார்த்தாள். "டெனிம் துணிக்குப் பதினோராம் நம்பர் ஊசி போட்டா ஒடஞ்சிரும். பதினாறு போடணும். மெதுவாத்தான் போகும், ஆனா போகும்," என்றாள்.

அவன் அதை ஆங்கிலத்தில் சொல்ல, போனுக்குள் கிழவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. உன் மனைவி சொல்வது சரிதான், ஆனால் என் தோள் டெனிம் இல்லையே என்றாராம். லேசான குண்டையே எடுத்துக்கொண்டார்.

அவர்கள் காட்டுக்குப் போன சனிக்கிழமை போன் வரவில்லை. ஞாயிறும் பின்னேரம் தாண்டித்தான் வந்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும். 

ஓடைக்கு அக்கரையில், அறுபது எழுபது அடி தூரத்தில், பெரிய கிடாய் ஒன்று நின்றிருக்கிறது. அலன் சுட்டார். குறி தப்பவில்லை, தோளிலேயே பட்டது. மரை முழங்காலிட்டு விழுந்து, எழுந்து, பன்னச்செடிப் புதருக்குள் பாய்ந்து போய்விட்டது. இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் இருட்டும் வரை தேடினார்கள். மழை வந்து இரத்தத்தைக் கழுவிவிட்டது. விடிந்ததும் மறுபடி போனார்கள்.

"மலைக்கு மேல ஏறிக் கெடந்துச்சு. உசுரு இருந்துச்சு. தலையத் தூக்கி எங்களப் பாத்துச்சு. குண்டு மேலாலயே செதறிப் போயிருக்கு, எலும்பு மட்டுந்தான் ஒடஞ்சிருக்கு. ராவெல்லாம் அப்படியே ஏறியிருக்கு புள்ள."

அலன் அதை முடித்துவிட்டார் என்று மட்டும் சொல்லி நிறுத்தினான். பிறகு அழத் தொடங்கினான். வள்ளத்தில் போகும்போதும் முகாமில் இருந்தபோதும் அவன் அழுததாக அவளுக்குத் தெரியாது.  படிக்கட்டில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டேயிருந்தாள். பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்து கடையின் தகரக் கூரையை மூடியது. அவளுக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது.

"நீங்க வந்துருங்க."

பதினொரு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. காணியும் வீடும் இல்லாமல் வெறுங்கையோடு வரச் சொன்னால் அவனுக்கு அவமானமாக இருக்கும் என்று அடக்கிவைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் அழுகை நின்றது.

"நீ சொல்ல மாட்டியான்னுதான் இருந்தேன்," என்றான். "சொல்லலையே, வெறுங்கையோட வந்தா ஒனக்குப் புடிக்காது போலன்னு நெனச்சேன்."

அவன் உடனே வந்துவிடவில்லை. கடிதாசி வேலைகள் இருந்தன. இன்னொரு வேலையும் இருந்தது. அலன் மிச்சமிருந்த லேசான குண்டுகளை யாருக்கோ கொடுத்துவிட்டார். கனமான குண்டுக்கு எவ்வளவு மருந்து தோதானது என்று கண்டுபிடிக்க இரண்டு பேரும் மெனக்கெட்டார்கள். குறைந்த அளவிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் மூன்று தோட்டா செய்து, காகிதத்தில் சுட்டுப் பார்த்தார்கள். மருந்து கூடக் கூட வேகம் கூடுமே தவிரக் குறி கூடாது. ஓரளவுக்கு மேல் போனால் துளைகள் சிதறின. ஒரு அளவில் மட்டும் மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. அந்தக் காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினான். பொத்தான் துளை மாதிரி இருக்கிறதே என்றாள் அவள்.

அலன் இனிக் காட்டுக்குப் போகமாட்டார் என்று மூவருக்கும் தெரியும். பிறகு எதற்கு இதெல்லாம் என்று கேட்டாள்.

"சரியா ஒன்னு செஞ்சு வச்சிட்டு வரணும்னு இருக்கு," என்றான்.

மகளுக்குக் காட்ட ஒரு குண்டைக் கொண்டுவர அவனுக்கு ஆசை. மருந்தும் கேப்பும் இல்லாத வெறும் ஈயம்தானே என்று நினைத்தான். விமான நிலையத்தில் பிடித்து உள்ளே போடுவார்கள், மடத்தனம் பண்ணாதே என்று அலன் பையை அவிழ்த்து அதை எடுத்து வைத்துக்கொண்டார். விமான நிலைய வாசலில் இறக்கிவிடும்போது இரண்டு ஆண்களும் கைகுலுக்கினார்கள். கிழவரின் கை ஆடியது. விஜேந்திரன் அது நிற்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றானாம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் பிடித்து விசாரித்தார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ப் பிணையில் விட்டார்கள். சட்டவிரோதமாக வள்ளத்தில் போனவனுக்கு அது நடக்கும் என்று தெரிந்தேதான் வந்திருந்தான். அப்புத்தளைக்கு ரயிலில் வந்து சேர்ந்த அன்று ஸ்டேசன் முழுக்கப் பனி. நிரஞ்சலா கல்யாணச் சேலையைக் கட்டலாமா என்று யோசித்து, வெட்கப்பட்டு, சாதாரணச் சேலையில் வந்திருந்தாள். தலைமுடி கொட்டி, உடம்பு பெருத்து, தடித்த ஜாக்கெட் போட்ட ஒருவர் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோதுதான் தெரிந்தது. போனில் ஓயாமல் அப்பா அப்பா என்று கூப்பிட்ட தனுஷிகா, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

அவன் வந்துவிட்டான். ஏக்கம் தீர்ந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தவன் பேசவில்லை. கோபமோ குறையோ ஒன்றுமில்லை. காலையில் எழுந்து அடுப்புக்கு விறகு கொண்டுவருவான், மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவான், வெலிமடைப் பக்கத்து மரக்கறி ஏற்றும் லொறியில் வேலைக்குப் போவான், வந்து சாப்பிடுவான். முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதனை அவள் பார்ப்பாள். போனில் பேசிய ஆளை இவனுக்குள்ளே தேடுவாள். ஒரு மனிதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதும் அவனுக்காக ஏங்க முடியும் என்பது தனக்கு அப்போதுதான் தெரிந்தது என்று என்னிடம் சொன்னாள். யூனிபோர்மின் விளிம்பை மடித்துத் தைத்தபடி, முகத்தை நிமிர்த்தாமல் சொன்னாள்.

வெளிநாட்டில் துவக்கு வேலை பார்த்தவர் என்று எப்படியோ ஊரில் பரவியிருந்தது. காட்டுப்பன்றிக்கு அனுமதித் துப்பாக்கி வைத்திருந்த ஒரு மரக்கறித் தோட்டக்காரர், போஞ்சி அவரைப் பாத்தியைக் கிண்டிப்போட்ட பன்றிக்கு எந்தத் தோட்டா எடுக்கலாம் என்று கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். விஜேந்திரன், தான் வாழ்நாளில் ஒரு வெடிகூட வைத்ததில்லை என்றான். அந்தத் துப்பாக்கி வேறு, இது வேறு என்றான். பிறகு, சின்னச் சின்ன ரவைகள் நிறைய இருக்கும் தோட்டா பன்றியின் தோலைக் கிழித்து நோகடிக்கத்தான் செய்யும், பெரிய ரவை சில மட்டும் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும், அதையும் கிட்டத்தில் நின்று சுடமுடிந்தால் மட்டுமே சுடுங்கள், இல்லாவிட்டால் தகரத்தைத் தட்டி விரட்டுங்கள் என்று தொடங்கி, அரைமணி நேரம் வாசலில் நின்று பேசினான். திரைச்சேலைக்குப் பின்னால் நின்று நிரஞ்சலா கேட்டாள். அதே குரல். அவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் பின்னேரம் கடையிலிருந்து அவனுக்குப் போன் எடுத்தாள். அவன் கீழே லொறித் தரிப்பிடத்தில் நின்றான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் சொல்லத் தொடங்கினான். டயர் தேய்ந்தது, தம்புள்ளைச் சந்தையில் கரட் விலை விழுந்தது, அலனுடைய வீட்டுக் கூரையில் வந்து உட்காரும் அந்தச் சிரிக்கிற பறவையின் நினைப்பு இன்று காலையில் வந்தது. அதுவே வழக்கமாகிவிட்டது. புருசன் எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் நிற்க, போனிலா பேசுவது என்று றுஸைனா முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "பேசுங்க தங்கச்சி, சட்டைய நான் முடிக்கிறேன்," என்று துணியை வாங்கிக்கொள்வார்.

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அலனின் மகள் அழைத்தாள். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தாயிற்று, ஆட்களை அடையாளம் தெரிவது குறைந்துவிட்டது, வீட்டை விற்கப்போகிறோம் என்றாள். துப்பாக்கிகளையும் மேசையில் இருந்த தோட்டாக்களையும் பொலிஸில் ஒப்படைத்துவிட்டதாகவும் சொன்னாள். அவர்கள் அழித்துவிடுவார்களாம்.

விஜேந்திரன் போனை யன்னலில் வைத்துவிட்டுக் அறையை ஒட்டியிருந்த குசினியின் வாசலுக்கு வந்தான். நிரஞ்சலா அடுப்பில் சோற்றுப் பானையை ஏற்றியிருந்தாள். அவன் வழக்கம்போல வெளியே போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு ஒன்னு நான் சொல்லல," என்றான்.

அவள் திரும்பினாள்.

"அந்த மரைய முடிக்க அவரால ஏலல. கை ஆடிக்கிட்டே இருக்கு. இன்னொரு தடவ தப்பா பட்டுருமோன்னு பயம். என் கையப் புடிச்சுக்கன்னாரு. பின்னால நின்னு அவரு முழங்கையப் புடிச்சேன். அது எங்களையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வெடி வச்சது அவருதான். கை ரெண்டு பேருதும்."

அதைச் சொன்னவன் நிறுத்தவில்லை. அந்த மரையைப் பார்த்தபோது, தானும் இந்த மலையிலேயே கிடந்து செத்துவிடுவேன் என்று தோன்றியதைச் சொன்னான். அங்கிருந்து பின்னால் போனான். முகாமின் கம்பி வேலி. வள்ளத்தில் தண்ணீர் தீர்ந்த நாள். பக்கத்தில் படுத்திருந்த பையன் பிதற்றியது. புறப்பட்ட அன்று விடியப்புறம், தூங்கிய மகளின் காலைத் தொட்டால் விழித்துவிடுவாளோ என்று தொடாமல் வந்தது. நிரஞ்சலா தரையில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவன் பேசும்போது வலது புருவம் மேலே ஏறுவது போன் திரையில் அவள் கவனிக்காத ஒன்று. தனுஷிகா பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்தவள், ஏதோ நடக்கிறது என்று புரிந்து, சத்தமில்லாமல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் பெயர் வந்த இடத்தில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பானையை இறக்க யாருக்கும் நினைவு வரவில்லை. அன்று சோறு களியாகக் குழைந்துவிட்டது. பருப்பை ஊற்றி மூவரும் அதைத்தான் சாப்பிட்டார்கள்.